கால் நனையாமல்

கலாபகோஸ் தீவுகளில் மூன்று தலைமுறையாகப் படகோட்டும் யாகுவால் குடும்பத்தின் மீது இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. துறையில் எல்லோருக்கும் அது தெரியும். தெரியாதவர்களுக்குச் செவேரோ யாகுவாலே சொல்லிவிடுவார்.

அன்று அவர் ஏற்றி வந்தது, அமேசான் காட்டையும் மலைமேல் இடிந்து கிடந்த பழைய கோட்டைகளையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தீவுக்கு வந்த கூட்டம். கரை நெருங்கியதும் கிராசியேலா என்ற அம்மாள் செருப்பைக் கழற்றியபடி சிரித்தாள்.

"காட்டுல ஒரு தோணிக்காரன் எங்களைக் கால் நனையாம இறக்கிவிட்டான், கேப்டன். இங்க நீச்சலடிச்சுதான் போகணுமோ?"

"செருப்பை மாட்டிக்கங்கம்மா" என்று படகைப் பாறைப் பக்கம் திருப்பினார் செவேரோ.

வழிகாட்டியாக வந்திருந்த மகன் வில்மர் தணிந்த குரலில், "மணல்லயே இறக்கிடலாம்ப்பா. பாறையில கடல்சிங்கக் குட்டி படுத்திருக்கு" என்றான்.

"படகைப் பார்த்தா தானா நகரும்."

நகரவில்லை. பின்னால் எழும்பிய அலை படகைக் குட்டியின் மேல் மோதும்படி முன்னே தள்ளியது. செவேரோ மோட்டாரை அணைத்துவிட்டுப் பாறைமேல் பாய்ந்தார். குட்டியை இரு கைகளாலும் அள்ளி அப்பால் வைத்தார்.

கூட்டம் கைதட்டியது. வில்மர் மட்டும் தட்டவில்லை. ஒரு விரல்கூடப் படக்கூடாது, மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று புறப்படும்போதே அவர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னவர் செவேரோதான்.

இரை தேடப் போயிருந்த தாய் மதியத்துக்கு மேல் கரையேறிக் குரல் கொடுத்தது. குட்டி பதில் குரல் கொடுத்துக்கொண்டே தத்தித் தத்தி ஓடியது. தாய் அதன் மூக்கை முகர்ந்தது, பிறகு விலாவை. பல்லைக் காட்டித் தள்ளிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

"மீன் ஏதாவது குடுங்களேன், கேப்டன்" என்றாள் கிராசியேலா.

"பால்குடிம்மா அது."

"அப்ப படகுல எடுத்துட்டுப் போலாமே. நீங்கதான் ஒரு தடவை தூக்கிட்டீங்களே."

செவேரோ மகன் பக்கம் திரும்பினார். "தேசியப் பூங்காக் காவலுக்குச் சொல்லிடு. கூட்டத்துல யாரோ தொட்டாங்கன்னு சொல்லாதே. என் பேரைச் சொல்லு."

"சொல்றேன்ப்பா. ஆனா தாய் ஒதுக்கின குட்டியை அவங்களும் தொடமாட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கடலில் இறங்கி உப்புநீரால் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். டீசல் வாடை போகவில்லை. போனாலும் இனி என்ன?

வெயில் சாயும்போது எல்லோரும் அதே பாறையிலிருந்து கால் நனையாமல் படகேறினார்கள். கடைசியாக ஏற நின்ற செவேரோவிடம் குட்டி ஊர்ந்து வந்தது. அவர் கால்சட்டை விளிம்பை வாயில் பற்றிச் சப்பத் தொடங்கியது.

"அப்பா, ஏறுங்க. அலை வருது."

காலை உதறினால் அது உருண்டு விழும். விலக்க வேண்டுமானால் தொட வேண்டும். செவேரோ கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்றார்.