அடிவரைக்கும் பூசிய நீலம்

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் சிமிட்டாமல் படுத்துவிடுகிறது. அக்காவின் பிக்கப் வண்டி தகுதிச் சோதனையில் தோற்றது இந்த ஒன்றால்தான். அதுவும் பின்பக்கம் மட்டும். முன்பக்க விளக்குகளுக்கு ஒரு குறையும் இல்லை.

சரிசெய்து கொண்டுவர இன்று சாயங்காலம் வரை நேரம் கொடுத்திருந்தார்கள். சலவைக்கூடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் துணி ஏற்றும் வேலை நாளை தொடங்குகிறது. சான்றிதழ் இல்லாவிட்டால் அது வேறு வண்டிக்குப் போய்விடும். யார் யாருடைய வண்டியையோ ஓட்டி அலுத்துப்போய், பழசானாலும் சொந்தம் என்று அக்கா வாங்கிய வண்டி இது.

வண்டி எலெக்ட்ரீஷியனான வயரிங் அண்ணன் காலையிலிருந்து எங்கள் வாசலில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். பல்புகளை மாற்றினார். இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷரை மாற்றினார். டெஸ்ட் லாம்பை ஒவ்வொரு வயரிலும் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் நல்லாத்தான் வருது. ஆனா வயசான வண்டிம்மா. மொத்த வயரிங்கையும் மாத்திடலாம். மூணு நாள் ஆகும்."

"மூணு நாள்ல எனக்கே தகுதி போயிடும்ணே," என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

அப்பா துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரும்புக் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். துருப்பிடித்து வந்த இந்த வண்டியைப் போல்ட் போல்ட்டாகக் கழற்றி, தேய்த்து, இரண்டு பூச்சு நீலம் கொடுத்தவர் அவர்தான். பெயிண்ட் படாத இடம் ஒரு குண்டூசி முனைகூடக் கிடையாது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

"அப்பா, துடைச்சா லைட் எரியாதுப்பா," என்றாள் அக்கா.

"அழுக்கா இருந்தா மட்டும் எரியுமா? போடி."

நான் உள்ளே போய் என் மல்டிமீட்டரை எடுத்து வந்தேன். கேட்டால் வேண்டாம் என்பார்களோ என்று யாரையும் கேட்கவில்லை. பேட்டரியின் மைனஸிலிருந்து பின்பக்கம் வரை ஒரு நீள வயரை இழுத்து, அதன் நுனியில் மீட்டரின் ஒரு காலை மாட்டினேன். இன்னொரு காலைப் பின்விளக்கின் எர்த் வயரில் வைத்தேன்.

"அக்கா, பிரேக்க மிதி."

பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். மீட்டர் நான்கு வோல்ட் காட்டியது.

விளக்குக்குக் கரண்ட் வயரில் வருகிறது. திரும்பிப் போவது வண்டியின் இரும்பு வழியாக. அந்த வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே சந்துக்குள் முண்டிக்கொண்டு நிற்கின்றன.

"வர்றது சரிண்ணா," என்றேன். "திரும்பிப் போக முடியல."

அவர் எழுந்து வந்து மீட்டரைப் பார்த்தார். மீட்டரை எடுத்துவிட்டு நீள வயரின் நுனியை நேராக எர்த் வயரில் வைத்தேன். பின்விளக்குகள் நிமிர்ந்தன. பிரேக் சிவப்பாக எரிய, இண்டிகேட்டர் அது பாட்டுக்குச் சிமிட்டியது.

"அட! நான் வர்ற வழியையே பாத்துட்டு இருந்திருக்கேன்," என்றார் வயரிங் அண்ணன். அடுத்த நொடி மறுபடி வண்டிக்கு அடியில் இருந்தார்.

எர்த் வயரின் வளையம் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருந்தது. கழற்றினார். வளையத்துக்கு அடியில் நீலம், கண்ணாடி மாதிரி. பெயிண்ட் வழியாகக் கரண்ட் போகாது. இத்தனை நாள் போல்ட்டின் மரை வழியாகத்தான் கரண்ட் நழுவிப் போயிருக்கிறது. அதில் துரு ஏறியதும் அதுவும் நின்றுவிட்டது.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அண்ணே," என்றார் வயரிங் அண்ணன், "அரைகுறையா வேலை பாக்கறவனா இருந்தா வயர் மேலேயே பூசிட்டுப் போயிருப்பான். அடியில இரும்பு தப்பிச்சிருக்கும். கழட்டிப் பூசியிருக்கீங்க பாருங்க, உங்கள மாதிரி ஆளுக்குத்தான் இந்தக் கோளாறு வரும்."

அப்பா கை நீட்டினார். "உப்புத்தாள குடு. என் பெயிண்ட நான்தான் சுரண்டுவேன்."

குனிந்து தேய்த்தார். வெள்ளையாக இரும்பு தெரிந்தது. காம்பஸ் வைத்துப் போட்டதுபோல வட்டம். புதுப் போல்ட் போட்டு இறுக்கியதும் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"மேல பூசலாமா?"

"மேல பூசலாம்பா. அடியிலதான் கூடாது."

சின்ன பிரஷ்ஷை எடுத்தார்.

"அப்பா! ஆபீஸ மூடிடுவாங்கப்பா!" ஸ்டியரிங்கில் இருந்து அக்கா கத்தினாள்.

"கத்தாத, கை ஆடுது."

அக்கா பிக்கப்பை ஓட்ட, அப்பாவின் ஸ்கூட்டரில் நானும் அவரும் பின்னால் போனோம். சோதனை அதிகாரி வண்டியின் பின்னால் நின்று விரலை ஆட்டினார். பிரேக். இடது. வலது. பிரேக்கோடு இடது. கடைசியில் குனிந்து அடியிலும் பார்த்தார்.

"எந்தப் பட்டறைல பாத்தீங்க?"

"பட்டறை இல்ல சார். என் தங்கச்சி," என்று அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். நான் தலையை ஆட்டினேன், இரண்டு தடவை. அவர் முத்திரை குத்தினார்.

அக்கா சான்றிதழைக் காட்ட நேராகச் சலவைக்கூடத்துக்குக் கிளம்பினாள். நாங்கள் வீடு திரும்ப வேண்டும். முனையில் அவள் பிரேக் போட்டாள், இடது இண்டிகேட்டர் சிமிட்டியது. அப்பாவும் இடது பக்கம் திரும்பினார்.

"அப்பா, வீடு வலது பக்கம்."

"தெரியும். சும்மா வா."

அடுத்த சிக்னல் வரைக்கும், அதற்கடுத்த சிக்னல் வரைக்கும், அந்தச் சிவப்பு விளக்குகளை விடாமல் பின்னாலேயே போனார்.