கோலில் நிற்கும் யாக்கோ பெஜா

போர் முடிந்த பிறகு எங்கள் எஸ்த்ரெல்யா கிளப்புக்கு கோல்கீப்பர் கிடையாது. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க, ஒரே ஒரு நாள் தவிர, எங்கள் மேல் ஒரு கோல்கூட விழவில்லை. கிளப்பைத் தொடங்கியவர்கள் கிரேக்க நாட்டுச் சலோனிகா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய யூதர்கள். ஊர் தீப்பிடித்து எரிந்தபோது மைதானத்தில் கூடாரம் போட்டுக் குடியிருந்தார்கள், குடியிருந்துகொண்டே ஆடினார்கள். ஞாயிறுதான் விடுமுறை என்று சட்டம் வந்தபோது எங்கள் ஓய்வுநாளான சனியை விட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைக்கு மாறினார்கள். நாற்பத்து மூன்றில் ஜெர்மன்காரர்கள் எல்லோரையும் மரண முகாமுக்கு ரயிலில் ஏற்றினார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் கல்லறைக் கற்கள் யார் யார் வீட்டுக்கோ வாசற்படியாகியிருந்தன. ஆடத் தெம்புள்ளவர்கள் பத்துப் பேர் மிஞ்சியிருந்தோம். கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் போதும். கால்பந்துக்கு இன்னும் ஒருவர் வேண்டும்.

கோலில் நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. அது யாக்கோ பெஜாவின் இடம், யாக்கோ திரும்பி வரவில்லை. காலியாகவே விட்டு ஆடினோம். முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரன் சிரித்துக்கொண்டே உதைத்த பந்து, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் சப்பென்று நின்றது. யாக்கோ செய்வதைப் போலவே தரையில் இரண்டு தட்டு தட்டப்பட்டு, எங்களிடம் வீசப்பட்டது. எதிரணி நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்தியது. நடுவர் கிரேக்கர். மலையில் நடந்த உள்நாட்டுச் சண்டையில் தன் தம்பி எந்தப் பக்கம் என்றுகூட அவருக்குத் தெரியாது. இது அவருக்கு ஒரு பிரச்சினையாகவே படவில்லை. "உள்ள போச்சா? போகல இல்ல? ஆடுங்கய்யா," என்றார்.

கஷ்டம் யாக்கோவின் மனைவி லூனாவுக்குத்தான். கணவன் செத்ததைப் பார்த்த சாட்சி இல்லையென்றால் எங்களில் ஒரு பெண் மறுமணம் செய்ய முடியாது. அப்படிப்பட்டவளைக் கட்டுண்டவள் என்போம். எங்கள் மதகுரு ரப்பி தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், இரக்கமுள்ளவர். இப்படி நின்ற பெண்களுக்கெல்லாம் ஏதாவது வழி கண்டுபிடித்து விடுவித்துக்கொண்டிருந்தார். லூனாவைக் கட்டிக்கொள்ள எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன் பெப்போ அல்வோ தயாராயிருந்தான். பெரிய காதல் என்று சொல்ல முடியாது. இருவருக்கும் தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது, அவளுக்கு ஒரு குழந்தை வேண்டியிருந்தது. ரப்பி தாடியைத் தடவினார்.

"வாராவாரம் பந்து பிடிக்கறவனப் போய் செத்துட்டான்னு நான் எப்படிம்மா எழுதறது?"

"உயிரோட இருக்கார்னா வீட்டுக்கு வரச் சொல்லுங்க," என்றாள் லூனா.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க அண்ணி, கோப்பைப் போட்டி முடியட்டும்," என்று எங்கள் கேப்டன் கேட்டுப் பார்த்தான். "உங்க கோப்பைக்காக நான் பொண்டாட்டியாவும் இல்லாம, விதவையாவும் இல்லாம உக்காந்திருக்கணுமா? போங்கடா!" என்று அவள் கதவைச் சாத்தினாள். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. யாக்கோவும் போய்விட்டால் நாங்கள் வெறும் பத்துப் பேர் என்ற பயமும் இருந்தது.

செத்தவன் என்று எழுத முடியாதவன் மணவிலக்காவது தரலாமே என்று ரப்பி நூல்களைப் புரட்டினார். மணவிலக்குச் சீட்டை ஆலிவ் இலையில் எழுதினாலும் செல்லும், மாட்டுக் கொம்பில் எழுதினாலும் செல்லும் என்றிருந்தது. பந்தும் மாட்டுத் தோல்தானே. மைதானத்துக்கு வந்து கோல் கம்பத்தருகே நின்று, "எழுதலாமாப்பா, யாக்கோ?" என்று கேட்டார். காற்றே இல்லை, வலை அசைந்தது. பந்தின் மேல் பொடி எழுத்தில் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, கோலை நோக்கி எறிந்தார். கணவன் அதை மனைவியின் கையில் கொடுக்க வேண்டும். தரையில் விழுந்ததை அவள் பொறுக்கிக்கொண்டால் செல்லாது. பந்து நெஞ்சுயரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பெப்போ தலை நிமிரவில்லை.

"குடுத்துடு யாக்கோ," என்றாள் லூனா. "எனக்கு ரொம்ப அசதியா இருக்கு. உனக்கும் இருக்கும்."

பந்து ஆள் நடக்கும் வேகத்தில் வந்து அவள் உள்ளங்கைகளில் அமர்ந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேர் பிடித்திருப்பதைப் போலத்தான் இருந்தது. பிறகு கனம் முழுக்க அவளிடம் வந்தது. கைகள் சற்றே தாழ்ந்தன. சாட்சிகள் பார்த்தோம் என்றார்கள். கர்ப்பமில்லை என்று உறுதியாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அதுதான் சட்டம் என்று ரப்பி சொன்னபோது லூனா சிரித்தாள். திரும்பி வந்த பிறகு அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்தன்று பெப்போ ஆட வரவில்லை. அன்றைக்கு எங்கள் மேல் ஆறு கோல் விழுந்தது. தடுக்க வேண்டிய யாக்கோவை யாரும் திட்டவில்லை. "ஒரு நாள் மனுஷனுக்கு மனசு சரியில்லாமப் போகாதா?" என்றான் கேப்டன்.

அடுத்த ஞாயிறு பெப்போ வந்து, திரும்பிப் பார்க்காமல் கோலுக்கு முன்னால் தன் இடத்தில் நின்றான். அவனைத் தாண்டிப் போன முதல் பந்து காற்றில் தடுக்கப்பட்டு, மெதுவாக உருண்டு அவன் காலடிக்கே வந்தது. பெப்போ ஒரு கணம் அதைப் பார்த்தான். "சரிண்ணே," என்று முணுமுணுத்துவிட்டுப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடினான்.