எதிர்முனை பிடிப்பவள்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா: மருத்துவமனைப் படுக்கை. கையில் அரசர்களுக்குப் புத்தி சொல்லும் பழைய நூல். எனக்கு விரித்திருந்த வெள்ளை விரிப்போ இளஞ்சிவப்பாக இருந்தது. “சலவைக்கூடத்துல ஏதோ கலாட்டாவாம்மா” என்று சிரித்தாள் தாதி. மீதியை நானே கட்டிக்கொண்டேன்.

2

‘அதிகாரம் என்பது யாதெனில்’ — வேண்டாம், கட்டுரை வாசனை அடிக்கிறது.

‘சலவைக்கூடத்தில் நெட்டை என்றொருத்தி’ — இது தேவலை.

நெட்டைக்குப் பல வருடமாக எதிர்முனை பிடிப்பவள் பட்டாசு, வாய் அப்படி. அழுக்கு விரிப்பை இயந்திரத்தில் போடுமுன் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறுவார்கள். உள்ளே சுருண்டு கிடப்பதெல்லாம் விழுந்துவிடும்.

போன வாரம் நெட்டை மேற்பார்வையாளர் ஆனாள். [என் பழைய நூலை அவள் கையிலும் கொடுத்துவிட்டேன். கதை சொல்கிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?] தலைமை ஏற்றவர் நேற்றைய கூட்டாளிகளிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்றது நூல். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

பட்டாசு தனியாக உதறினாள். விரிப்பு பாதிதான் விரிந்தது. ஏதோ குழந்தையின் சிவப்புக் காலுறை மடிப்புக்குள்ளேயே தங்கி, இயந்திரத்துக்குள் போய்விட்டது. ஒரு வண்டி விரிப்பு முழுவதும் வெட்கப்பட்டுச் சிவந்ததுபோல வெளியே வந்தது.

3

தப்பு யாருடையது என்று மேலாளர் சாயங்காலத்துக்குள் ஒரு பெயர் கேட்டார். யார் பெயரைச் சொல்கிறாளோ, அவருக்கு வேலை போய்விடும்.

“என்ன மேடம், யோசனை? உங்க புத்தகத்தைக் கேட்டுச் சொல்லுங்க.”

“மேடம்னா அறைஞ்சிடுவேன்டி.”

“என் பேரைச் சொல்லிடு. போட்டது நான்தானே.”

“நான் எதிர்ல நின்னிருந்தா விழுந்திருக்கும்டி.”

“அது இப்பதான் தெரிஞ்சுதாக்கும்!” என்றாள் பட்டாசு. குரல் மட்டும் வெடிக்கவில்லை.

4

முதல் முடிவு: நூல் சொன்னபடி பட்டாசை அனுப்பிவிடுவது. எழுதிப் பார்த்தேன். கூடம் அத்தனை அமைதியாகிவிட்டது, கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது: நெட்டை தன் பெயரைச் சொல்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் சம்பளத்தில்தான் படுத்த படுக்கையான கணவனுக்கு மருந்து. [இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.] அவளைத் தியாகம் செய்யவைக்க எனக்கென்ன, பேனாதானே நகர வேண்டும்?

நூலை மறுபடி புரட்டினேன். அதில் ஒவ்வொரு அரசனுக்கும் எதிரே நிற்பவன் பகைவன். எதிர்முனை பிடிக்க ஒருவனுக்கும் ஆளில்லை. பாவம், எப்படித்தான் ஆண்டார்களோ!

5

மேலாளரின் செருப்புச் சத்தம் நெருங்குகிறது. நெட்டை பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்க்கிறாள். ஈரம் காயாத ஒரு சிவந்த விரிப்பின் இரண்டு முனைகளை எடுக்கிறாள்.

“பிடிடி.”

பட்டாசு பிடிக்கிறாள். இருவரும் ஓங்கி உதறுகிறார்கள். கதவு திறக்கிறது.

“ஐயா, நீங்க கேட்ட பேரு…”

இதற்குமேல் அவள் நாக்கில் எதையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்களும் எங்காவது ஒருநாள் தள்ளி நின்றவர்கள்தானே, நீங்களே சொல்லுங்கள். ஆனால் மெதுவாக, கண்ணுகளா. விரிப்பு இன்னும் இரண்டு பேர் கையிலும்தான் இருக்கிறது.