பச்சை எரியும்வரை உத்தியோகம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு சின்ன விளக்கு சிவப்பாக எரிவதைப் பார்க்காமல் இருப்பது. சிரிக்காதீர்கள். இதற்கு இன்டர்வியூ வைத்தார்கள், கண் டெஸ்ட் வைத்தார்கள். பார்வையில் குறையில்லை என்று சர்டிபிகேட் வாங்கிக்கொண்டுதான் பார்க்காமல் இருக்க அனுப்பினார்கள்.

விஷயம் இதுதான். அங்கே ஓர் இரும்புக் கம்பி ஃபேக்டரி. அதன் கம்ப்யூட்டரைச் சென்னை ஹெட் ஆபீசோடு இணைக்கும் லைன் எங்கள் டெலிபோன் கம்பெனியுடையது. லைன் நன்றாக இருந்தால் மோடத்தில் பச்சை எரியும், போய்விட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் பில் அடிக்க முடியாது. பில் இல்லாவிட்டால் கம்பி ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டாது. லைன் அடிக்கடி போனால் காண்ட்ராக்ட் ரத்து என்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆனால் லைன் போனது என்று அவர்கள் சொல்வார்கள். போகவே இல்லை என்று நாங்கள் சாதிப்போம். கடைசியில் 2006-இல் இரண்டு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து ஒரு விதியைச் சேர்த்தார்கள். இரு தரப்பு ஆட்களும் ஒரே நேரத்தில் நேரில் பார்த்தால்தான் லைன் போனதாகக் கணக்கு. ஒருவர் மட்டும் பார்த்தால் அது போகவில்லை. படித்தவர்கள் அல்லவா!

எங்கள் தரப்பு ஆள் நான், மொஹசின், பழவேற்காட்டுக்காரன். ஃபேக்டரி தரப்பு ஆள் துளசிராமன் அண்ணன். அந்த ஃபேக்டரி நிற்பதே அவருடைய நெல் வயல் மேல்தான். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லி அவரைச் சேர்த்துவிட்டு, என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் மோடத்துக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். ஏசி அறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நாங்கள் இருவர், அந்த விளக்கு. அவ்வளவுதான் டிபார்ட்மென்ட்.

சேர்ந்த அன்றே என் ஆபீசர் வீரராகவன் சென்னையிலிருந்து போன் செய்தார். "மொஹசின், எப்பவும் அந்த ரூம்லயே இருக்கணும். அது உன் டியூட்டி. ஆனா ரெட் வந்தா இருக்கக் கூடாது. அதுவும் உன் டியூட்டி. ஒரு தடவை நீ பாத்துட்டேன்னு வை, உனக்கு வேலை இல்லை." துளசிராமன் அண்ணனுக்கு ஃபேக்டரி மேனேஜர் சொன்னது இன்னும் சுருக்கம்: ஓட விடாதே, பிடி. பிடிக்காவிட்டால் ஃபர்னஸில் போட்டுவிடுவேன். ஃபர்னஸ் வேலையில்தான், ஆளையே உள்ளே இல்லை என்று அண்ணன் எனக்குப் பிறகு விளக்கினார்.

ஆக, சிவப்பு வந்தால் நான் ஓடுவேன், அவர் துரத்துவார். மற்ற நேரத்தில் எங்களைப் போல ஒற்றுமையானவர்களைப் பார்க்க முடியாது. அவர் வீட்டு நாஷ்டாவில் பாதி எனக்கு. துரத்துவதில் என் சட்டை கிழிந்தால், பச்சை வந்ததும் அவரே உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார். இதற்கென்றே அவர் மனைவி குணசுந்தரி அண்ணி டிபன் பையில் ஊசி நூல் வைத்து அனுப்புவார்.

ஒரு தடவை அண்ணன் முன்கூட்டியே கதவைப் பூட்டிவிட்டார். சிவப்பு வந்ததும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்ணை மூடினாலும் இமை வழியே சிவப்பு தெரியும் என்று ஃபேக்டரி வாதாடியது. இதைப் பேசித் தீர்க்கச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் மீட்டிங், சாப்பாட்டோடு. இமைக்கலாம், ஆனால் நீட்டி இமைக்கக் கூடாது என்று முடிவானது. மறுவாரமே எங்கள் கம்பெனி எனக்குக் கறுப்புக் கண்ணாடி அனுப்பி வைத்தது. இத்தனைக்கும் சிவப்பு வந்தால் வெளியே லாரிகள் அடிக்கும் ஹார்ன் தேர்வாய் கண்டிகை வரை கேட்கும். ஊருக்கே தெரியும் லைன் போய்விட்டது என்று. காண்ட்ராக்டுக்கு மட்டும் தெரியாது.

நான் இந்தக் கூத்துக்கெல்லாம் ஏன் உடன்பட்டேன்? ஹுமைராவுக்காக. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் அப்துல் வஹாப் மாமாவின் மகள். நிலையான வேலை இருந்தால் பெண் தருகிறேன் என்று மாமா சொல்லியிருந்தார். நான் டெலிபோன் கம்பெனியில் குவாலிட்டி ஆபீசர் என்று தரகர் அவரிடம் அடித்துவிட்டிருந்தார். ஒரே ஒரு சிவப்பைப் பார்த்தால் வேலை போகும். வேலை போனால் ஹுமைரா இல்லை. நீங்களாக இருந்தாலும் ஓடியிருப்பீர்கள்.

ஒரு நாள் மத்தியானம், இறாலுக்கு ஐஸ் வாங்கக் கும்மிடிப்பூண்டி வந்த மாமா சொல்லாமல் கொள்ளாமல் ஃபேக்டரிக்குள் வந்து நின்றார். அண்ணன் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

"இன்னா தம்பி, ரெண்டு பேரும் சும்மா குந்திக்கினு கீறீங்க? இன்னா வேல இது?" என்றார் மாமா.

"லைனோட குவாலிட்டிய கவனிக்கிறேன் மாமா."

சொல்லி வாய் மூடவில்லை, சிவப்பு எரிந்தது. பழக்கதோஷத்தில் நான் எழுந்து ஓடினேன். பழக்கதோஷத்தில் அண்ணன் பாய்ந்து என் இடுப்பைக் கட்டினார். இரண்டு பேரும் மாமாவின் காலடியில் போய் விழுந்தோம். கறுப்புக் கண்ணாடி மேஜைக்கடியில் ஓடிவிட்டது.

"யா அல்லாஹ்! இன்னாடா இது பேஜாரு?"

பிடியை விடாமலே அண்ணன் மரியாதையாக விளக்கினார். "ஒண்ணும் பயப்படாதீங்க பாய். செவப்பு வந்தா இவரு ஓடணும், நான் புடிக்கணும். பச்ச வந்தா ரெண்டு பேரும் குந்திக்குவோம். தங்கமான பையன் பாய்."

வெளியே ஹார்ன் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ஃபேக்டரி மேனேஜர் ஓடி வந்தார். "மொஹசின், ரெட்ட பாத்தியா இல்லியா? சொல்லு!"

"பாக்கல சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"எனக்குக் கண்ணுல பொர வுழுந்திருக்கு தம்பி. எனக்கே தெரியுது. நாளிக்கு என் பொண்ணு உன் எதிர்ல நின்னு அழுதாலும் பாக்கலன்னுதான் சொல்வியா?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும், பெண் கிடைக்காது. பொய் சொன்னால் வேலை இருக்கும், பெண் கிடைக்காது. தரையில் கிடந்தபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்தேன் சார்," என்றேன். "செவப்பு. நல்லாவே பாத்தேன்."

அண்ணன் பிடியைத் தளர்த்தினார். ஆனால் கையை எடுக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். மாமா, ஐஸ் உருகுகிறது என்று கிளம்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வீரராகவன் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. "மொஹசின், உன்னை நேத்து சாயங்காலமே வேலையிலிருந்து எடுத்தாச்சு."

"நேத்து சாயங்காலம் நீங்க எனக்கு நாளைக்கு சீக்கிரம் வான்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னேன். ஆனா எடுத்தாச்சு. நேத்து தேதி போட்டு இப்பத்தான் டைப் பண்றாங்க. அதனால இன்னிக்கு ரெட்ட பாத்தது யாரோ ஒரு வெளியாள். கணக்குல வராது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நாளைக்குக் காலைல வந்துடு, திரும்ப சேத்துக்கறோம். உன்னை மாதிரி அனுபவம் உள்ள ஆளுக்கு எங்க போறது?"

இந்த ஏற்பாடு எங்கள் வக்கீல்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய், நிரந்தர உத்தரவாகவே போட்டுவிட்டார்கள். பச்சை எரியும்வரை நான் கம்பெனி ஊழியன். சிவப்பு வந்த நொடியில் என் வேலை தானாகப் போய்விடும்; பச்சை வந்ததும் தானாகத் திரும்பிவிடும். ஃபேக்டரி இதை எதிர்த்து வழக்குப் போட்டது. வழக்கு முடியும்வரை இரண்டு நாற்காலியும் ஆளும் அப்படியே இருக்க வேண்டும் என்று கோர்ட்டில் உத்தரவானது. நம் ஊரில் வழக்கு எப்போது முடியும் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் ஃபர்னஸிலிருந்து தப்பினார். அதற்குப் பிறகு ஓட்டமும் இல்லை, பிடியும் இல்லை. சிவப்பு வந்தால் நான் வேலையில்லாதவனாக, அண்ணனோடு சாவகாசமாக உட்கார்ந்து கண் குளிரப் பார்ப்பேன்.

மாமாவிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னேன். இறால் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"அப்ப நெலையான வேலதானா, இல்லியா?"

"பச்சை எரியுறப்ப நிலையானதுதான் மாமா."

"பாத்தத பாத்தேன்னு சொன்ன. அது எனக்குப் புடிச்சிது. ஆனா வேல இல்லாதவனுக்குப் பொண்ணு குடுத்தேன்னு ஊர்ல ஒரு பேச்சு வரக் கூடாது. நிக்காஹ் அன்னிக்குப் பச்ச எரியணும், ஆமா."

நிக்காஹ் பழவேற்காட்டில். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. சபை நிறைந்து, உள்ளே பிரியாணி தம்மில் இருந்தது. நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் பதிவுப் புத்தகத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா கையைக் காட்டினார். "இருங்க ஹஜ்ரத். கேட்டுச் சொல்லட்டும்."

பூமாலையை ஒதுக்கி செல்போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன். முதலில் லாரி ஹார்ன்தான் கேட்டது.

"நைனா," என்றார் அண்ணன். "செவப்பு நைனா. இப்பத்தான் போச்சு. நான் பச்சன்னு சொல்லிடட்டுமா? போனை பாய் காதுல வை. சத்தமா சொல்றேன்."

சிவப்பை நிரூபிக்க என் சட்டையையெல்லாம் கிழித்த மனிதர், எனக்காகப் பொய் சொல்லத் தயாராக நின்றார். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி மாளாது. ஆனால் மாமாவின் புரை விழுந்த கண் என் மேலேயே இருந்தது.

"வேணாம்ணே," என்று வைத்துவிட்டு நிமிர்ந்தேன். "செவப்பு மாமா. இப்ப எனக்கு வேல இல்ல."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார்.

"நிக்காஹ்வ நடத்துங்க ஹஜ்ரத்," என்றார். "அந்த எடத்த மட்டும் வெறுமனே வுட்டு வைங்க."

அப்படியே நடந்தது. வேலையில்லாதவனாக நான் சம்மதம் என்று கபூல் சொன்னேன். பேரீச்சம்பழம் கொடுத்து, எல்லோரும் பிரியாணிக்கு உட்கார்ந்து, முதல் கவளம் எடுக்கும்போது என் போன் அலறியது.

"பச்ச நைனா! பச்ச வந்துடுச்சு!" அண்ணன் போட்ட கூச்சல் ஸ்பீக்கர் இல்லாமலே பந்தி முழுக்கக் கேட்டது.

மாமா சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். "அந்தப் பேனாவ எடுங்க ஹஜ்ரத்! டெலிபோன் கம்பெனி ஆபீசர்னு சீக்கிரம் எழுதுங்க, மறுபடி மாறிடப் போவுது!"