கெட்டில் தின்ற லாமிங்டன்

குரபின் என்ற ஊரில் வசந்தம் வந்துவிட்டதை வாட்டில் மரத்துப் பூவைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் குறைவு. ஊர்க் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்குப் பெண்கள் தொப்பி வாங்கக் கிளம்பினால் வசந்தம், அவ்வளவுதான். இந்த வருடம் மெர்லும் ஒன்று வாங்கினாள். பச்சை நிறம், பக்கவாட்டில் இறகு. வைக்கோலும் சாணமுமாகத் திரிகிறவளுக்கு இறகு எதற்கு என்று ஊரில் நாலு பேர் கேட்கத்தான் செய்தார்கள்.

காரணம் இருந்தது. மெர்லுக்கும் அவள் கணவன் நெவிலுக்கும் இருந்தது ஒரே ஒரு பந்தயக் குதிரை. கெட்டில் என்று பெயர். அவர்கள் லாயத்திலேயே பிறந்து, மெர்ல் கையால் பழகிய பெண் குதிரை. ஊர்க் கோப்பையில் இரண்டு முறை ஓடி, இரண்டு முறையும் இரண்டாவதாக வந்தது. இன்று மூன்றாவது முறை, இதுவே கடைசி. அடுத்த வாரம் அவளை ஆண் குதிரையிடம் அனுப்புகிறார்கள். இனி குட்டியும் குடும்பமும்தான். அந்தக் கோப்பையின் மேல் மெர்லுக்கு இருந்தது ஆசை இல்லை, வெறி.

காலையில் அவள் பிரஷ்ஷோடு லாயத்துக்குள் வந்தபோது நெவில் திருடனைப் போல் நின்றுகொண்டிருந்தான்.

"மெர்ல், கோவிச்சுக்காத."

"என்ன செஞ்சு தொலைச்ச?"

"கடைசி நாளாச்சேன்னு அவளுக்கு ஒரு வாய் குடுத்தேன். பேட்ஸி கொண்டாந்த லாமிங்டன்."

பக்கத்து வீட்டு பேட்ஸி அந்தக் கேக்கை இரண்டு விதமாகச் செய்து கலந்து அடுக்கியிருந்தாள். பழுப்பு, சாக்லேட்டில் முக்கித் தேங்காய்ப் பூவில் புரட்டியது. இளஞ்சிவப்பு, ராஸ்பெரி ஜெல்லியில் முக்கி அதே பூவில் புரட்டியது. சாக்லேட் தின்ற குதிரையைச் சோதித்தால் ஊக்கமருந்துக் கணக்கில்தான் சேரும். லாயத்தில் திரியும் பூனைக்கும் அது தெரியும்.

"எந்த நெறம்?"

"தெரியலியே. லைட்டு போடல, கண்ணாடியும் போடல. தட்டுல கைய விட்டேன், எடுத்தேன்."

"நாப்பது வருசமா குதிரைங்க கூட குப்பை கொட்டுற. அறிவு வேணாம்?"

அவன் உள்ளங்கையை முகர்ந்தாள், சோப்பு வாசனை. குதிரையின் வாயைப் பிரித்துப் பார்த்தாள். கெட்டில் சுத்தமாக நக்கித் தீர்த்துவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று அவள் சட்டைப்பையைத் துழாவியது.

யாரும் பார்க்கவில்லை. தோற்றால் சோதனையே கிடையாது. ஜெயிக்கிற குதிரையைத்தான் பிடித்துக்கொண்டு போய்ச் சோதிப்பார்கள். ஜெயித்தால்தான் வம்பு. ஜெயிக்கத்தானே இத்தனை பாடு! பாவி, சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"எங்கிட்ட ஏன்யா சொன்ன?"

"நீ கோப்பையத் தூக்கிக்கிட்டு நிப்ப. நான் பக்கத்துல வாய மூடிக்கிட்டு நிக்கணும். என்னால ஆகாது, மெர்ல்."

பெயரை விலக்கிக்கொள்ள ஏழரை மணிவரை நேரம். ஏழரை எந்த ஊரிலும் யாருக்கும் நல்லது செய்ததில்லை. மெர்ல் பந்தய அதிகாரி ஹோகார்த்தைப் போனில் கூப்பிட்டாள்.

"கெட்டில் ஓடல."

"அடடா, கால்ல ஏதாச்சுமா?"

"வாயில. லாமிங்டன் தின்னுட்டா. சாக்லேட்டா இருக்கலாம்."

"நெவிலா?"

"வேற யாரு?"

மத்தியானம் அவர்கள் மைதானத்துக்குப் போகவில்லை. தொப்பி பெட்டியிலேயே இருந்தது. அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் ஓடுதளம். ஒலிபெருக்கி அறிவித்தது எல்லாம் கேட்டது. போன மாதம் கெட்டில் நான்கு குதிரை நீளம் முந்தித் தோற்கடித்த ஒரு குதிரை கோப்பையை வாங்கியது. அதைக் கேட்டதும் நெவில் எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டான். கெட்டில் வேலியோரம் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு, நின்று புல் மேய்ந்தது.

சாயங்காலம் மெர்ல் கெட்டிலின் முகவாரைக் கழற்றினாள். மூக்கின் மேல் படியும் கம்பளிப் பட்டையின் உள்பக்கத்தில் என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேங்காய்ப் பூ. அடியில் ஜெல்லி, நல்ல இளஞ்சிவப்பு.

அப்படியே நின்றாள். ஓடியிருக்கலாம். ஜெயித்திருப்பாள். கொட்டகைவரை கேட்கக் கத்த வேண்டும் போல் வந்தது.

நெவில் தண்ணீர் வாளியோடு வந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முகம்.

"அவ எதைத் தின்னான்னு ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

மெர்ல் கட்டைவிரல் நகத்தால் அதைச் சுரண்டித் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு நிற்க அவனுக்கு வராது. அவளுக்கு வரும்.

"பழுப்புதான். இங்க ஒட்டியிருந்துச்சு, தொடைச்சிட்டேன்."

"அப்போ நான் சொன்னது நல்லதாப் போச்சு?"

"நல்லதாப் போச்சு. வா, வந்து ரெண்டு வாய் சாப்பிடு."