ஏழாம் நாள் மாத்திரை

மலேரியாவுக்குப் பதினாலு நாள் மாத்திரை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நம் ஜனம் அதைத் தூக்கிப் போட்டுவிடும். இரண்டு மாதத்தில் காய்ச்சல் திரும்ப வந்து நிற்கும். அதற்காகத்தான் என்னைப் போல ரிட்டயரான நாலு பேர் தொண்டர்களாக, டெல்லியில் நம் தமிழ் ஜனம் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். தினமும் நோயாளி விழுங்குவதைக் கண்ணால் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும்.

செங்கம்மாள் என் பொறுப்பு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். இரண்டாம் நாளே, "காலையிலயே போட்டுட்டேம்மா" என்றாள். அட்டையில் ஒரு மாத்திரை குறைந்துதான் இருந்தது. தூர எறிந்திருந்தால்? முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் மெடிக்கல் பில் சரிபார்த்தவள் நான். யாரையும் நம்பிப் பழக்கமில்லை. "இனிமே என் கண்ணு முன்னாடிதான் போடணும். நான் இல்லாதப்போ மாத்திரையைத் தொடவே கூடாது, சமஜ்கயீ, புரிஞ்சுதா?" என்று அதட்டிவிட்டு வந்தேன்.

ஏழாம் நாள் சர்க்கார் புல்டோசர் வந்து கேம்ப்பை இடித்துவிட்டது. மாற்று வீடு ஒதுக்கப்பட்டவர்கள் ஊருக்கு மறுகோடியில் இருக்கும் நரேலாவுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். செங்கம்மாளின் போன் அணைந்து கிடந்தது. அடுத்த இரண்டு நாளும் நான் தேடிப் போகவில்லை. நாற்பத்துநாலு டிகிரி வெயில், முழங்கால் வேறு வீங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துவிட்டது.

பத்தாம் நாள், மனசு கேட்காமல், மூன்று பஸ் மாறி நரேலா போனேன். விசாரித்து விசாரித்து மூன்றாவது மாடி ஏறினேன். கரன்ட் இன்னும் வரவில்லை. மூட்டைகளுக்கு நடுவே செங்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து நேரத்துக்கு வர முடியாது என்று மூன்று வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்களாம்.

"மாத்திரை போட்டியா?" என்றேன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையைக் கொடுத்தாள். ஏழாவது தொடங்கி எட்டு மாத்திரையும் அப்படியே இருந்தன. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"இத்தனை அமளியிலயும் இதைப் பத்திரமா முடிஞ்சு வச்சிருக்கே. எடுத்து முழுங்க மட்டும் தோணலையா?"

"நீங்க இல்லாம தொடக் கூடாதுன்னீங்களேம்மா. தெனம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்த டிஸ்பென்சரி டாக்டருக்குப் போன் போட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னார். காய்ச்சல் திரும்புமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். செங்கம்மாள் இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு ஏழாவதை விழுங்கினாள்.

"நாளையிலேர்ந்து நீயே போட்டுக்கோம்மா. என்னால தினம் இவ்வளவு தூரம் வர முடியாது."

"நான் போட்டேன்னு சொன்னா நம்புவீங்களா?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நம்பறேன்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.