ஐந்துக்குக் கீழே

சேது என் பெயரை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, சுவரைப் பார்த்துச் சொன்னாரா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. நினைத்து நினைத்து அந்தக் காட்சியை நானே மாற்றியிருக்கவும் கூடும்.

எண்பத்து நான்காம் ஆண்டு. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் நானும் சேதுவும் வேலை செய்தோம். சேது என் அத்தை மகன். தைப்பூசம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். காரக் கரைசல் கலக்குவது அவர் வேலை. அதை எண்ணெயில் துளித்துளியாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் வந்து நிலைத்ததும் நிறுத்தி, எண்ணெயில் அமிலம் எவ்வளவு என்று கணக்கிடுவது என் வேலை.

அந்த ஆண்டு மழையில் லோரிகள் சேற்றில் சிக்கிப் பழக்குலைகள் நாள்கணக்கில் கிடந்தன. கிடக்கிற பழத்தில் அமிலம் ஏறும். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் துறைமுகத்தில் எண்ணெயை எடுக்கமாட்டார்கள். நான் ஆறு என்று எழுதினேன், மானேஜர் கத்தினார். பிறகு சேது புதுக் கரைசல் புட்டி வைத்தார். அமிலம் நாலுக்கு இறங்கியது.

"பாத்தியா, ஒன் கைராசிலா" என்றார்.

புதுக் கரைசலை அளவு தெரிந்த அமிலத்தோடு சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். கட்டிக்கொள்ளப் போகிறவர் கலக்கியதைச் சோதிப்பதா என்று விட்டுவிட்டேன்.

துறைமுகத்திலிருந்து எண்ணெய் திரும்பி வந்தது. மானேஜர் முன்னால் புட்டியைச் சோதித்தேன். சீட்டில் எழுதியிருந்ததைவிடக் காரம் அதிகம். காரம் கூடினால் கொஞ்சம் விட்டாலே நிறம் வந்துவிடும். அமிலம் குறைவாகத் தெரியும்.

"யாரு கலக்குனது?"

"அமராவதிதான் சார்" என்றார் சேது.

அவரே திருத்திச் சொல்வார் என்று காத்திருந்தேன். மின்விசிறி சுவரில் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. அவர் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார் மானேஜர்.

மாலையில் சைக்கிள் கொட்டகையில் சேது வந்து நின்றார்.

"நம்பர் கொறஞ்சா வேலைய நெரந்தரமாக்குறேன்னு மானேஜர் சொன்னாரு. நம்ம ரெண்டு பேருக்காகத்தான் செஞ்சேன்."

"அப்ப ஒங்க பேரைச் சொல்ல வேண்டியதுதானே அத்தான்?"

"எனக்கு வேல போச்சுன்னா என்னத்த திங்கிறது? நீ எப்படியும் கல்யாணத்துக்கு அப்புறம் வீட்லதானே இருக்கப்போற."

பாசமாகத்தான் சொன்னார்.

தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நிச்சயச் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். அப்பா மென்ற வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"சேது சொல்றதும் நியாயந்தானே" என்றார்.

சேலையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சேதுவுக்கு வேலை நிரந்தரமானது. இராஜம்மா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, பின்னாளில் பத்தாங் காலியில் வீடு வாங்கினார். மானேஜர் ஜொகூருக்கு மாற்றலாகிப் போனார். அப்பா சாகும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.